வாய்க்கால் நீரைக் காய்ச்சிய அம்மையார்

இவ்வரலாற்றை நான் எழுதப் புகுந்ததற்குக் காரணம் ஒன்றே. அண்மையில் பாளையங்கோட்டையில் ஒரு திருமண வீட்டில் பந்திக்காகக் காத்திருந்தேன். அருகில் அமர்ந்திருந்தவர் வணிகர். எனக்கு முன்னறிமுகம் இல்லாதவர். தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லி, “அங்கன முன்னொரு காலத்துல ஒரு வெள்ளைக்காரி இருந்தாளாம் அண்ணாச்சி. ஊரோட ஊரா கூழு குடிச்சிக்கிட்டுக் கெடந்தவ, பேதி வந்ததும் உசுருக்குப் பயந்து தனிச்சட்டி வச்சிட்டாளாம். அந்த ஊர்ல இன்னும் பயந்தாங்கொள்ளியக் கண்டா ‘தனிச்சட்டி’ன்னுதான் சொல்லுதாவ” என்று சிரித்தார். நான் மறுமொழி கூற வாயெடுப்பதற்குள் இலை போட்டுவிட்டதாக அழைத்துவிட்டார்கள். பந்தியில் எங்களுக்கு வெவ்வேறு வரிசை வாய்த்தது.

அவ்வம்மையார் தனிச்சட்டி வைத்தது உண்மை. அச்சத்தால் வைத்தார் என்பது பொய். இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்ததை அறிந்தவர் மூவர். அவருள் ஒருவர் மறைந்து நெடுங்காலமாயிற்று. மற்றவர் உயிரோடிருக்க அகவை இடந்தராது. எஞ்சிய நான் எழுபதைக் கடந்து நிற்கிறேன். நானும் எழுதாமல் போனால் பொய்யே நிலைக்கும். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரிலும் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

இந்த இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடியுந் தறுவாயில், அவ்வூரின் ஓராசிரியர் பள்ளியில் நான் பணியாற்றினேன். பாளையங்கோட்டைக் கிறித்தவர்கள் நடத்திய பள்ளி அது. ஊரார் பெரும்பாலும் வயலில் கூலி செய்து வாழும் இந்துக்கள். ஆயினும் பிள்ளைகளை அனுப்பினர். நான் சென்றபோதே அம்மையார் அங்கு இருந்தார். அயர்லாந்து நாட்டினர், நாற்பதை நெருங்கிய அகவையினர். எந்தத் திருச்சபையும் அவரை அனுப்பவில்லை. எவரிடமும் அவர் ஊதியம் பெறவில்லை. தந்தை விட்டுச்சென்ற சிறு பொருளைக் கொண்டு கப்பலேறி, ஏதேனும் ஒரு சிற்றூரில் உழைத்து உதவி வாழ்வதென்று வந்தவர். பாளையங்கோட்டையில் மாளிகையில் அறை கொடுத்தார்கள், மறுத்துவிட்டார். இசக்கியம்மாள் என்னும் கைம்பெண் வீட்டில், பனையோலைக் கூரையின்கீழ், அவளோடும் அவள் மகள் பேச்சியோடும் குடியிருந்தார்.

ஏன் இப்படி என்று ஒருமுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தாயார் சிறுமியாய் இருந்த காலத்தில் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும்பஞ்சம் வந்ததாம். கஞ்சி வார்க்க வந்த சீமாட்டிகள் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, நீண்ட காம்புடைய அகப்பையால் எட்ட நின்று ஊற்றினார்களாம். “அந்தக் கஞ்சியால்தான் என் தாய் பிழைத்தாள். ஆனால் அந்த அகப்பையின் நீளத்தைச் சாகும்வரை அவள் மறக்கவில்லை” என்றார்.

அவர் தமிழ் கற்றது இசக்கியம்மாளிடம். ஆகவே நான் பேசிய தமிழைக் காட்டிலும் அவர் பேசியது ஊருக்கு நெருக்கமாக இருந்தது. அவர் முதலில் கற்றதும் மிகுதியாகச் சொன்னதும் ‘நானும்’ என்னும் ஒரு சொல். களை பறிக்கப் பெண்கள் புறப்பட்டால், “நானும் வாரேன்.” சாணம் அள்ளப் போனால், “நானும்.” சுள்ளி பொறுக்க, சுவருக்கு மண் குழைக்க, தேர் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதுவே. சில திங்களில் ஊரார் அவரை ‘நானும் அம்மா’ என்றே அழைக்கலாயினர். பட்டப்பெயர் என்று அவர் சினந்ததில்லை; அழைத்தால் திரும்பிப் பார்ப்பார்.

நடவு நாளில் அவரைக் காண வேண்டும். முழங்காலளவு சேற்றில் இறங்கி, குனிந்த முதுகை நிமிர்த்தாமல், பிறரினும் பின்தங்கியே நட்டு வருவார். வெயிலில் முகம் செங்கல் நிறம் கொண்டுவிடும். நெடுங்காலம் பழகியும் அவர் வரிசை நேராக அமைந்ததில்லை.

“எம்மா, நீங்க நட்ட நாத்தெல்லாம் சீமைக்குப் போற வழியப் பாத்துல்லா சாயுது!” என்பாள் பேச்சி.

“ஏளா, அது சீமைக்குப் போகாது. ஒன் மாமியா வீட்டுக்குத்தான் போகுது. கூடவே நீயும் போ” என்பார் அம்மையார். வயலே சிரிக்கும். முதற்பேற்றுக்காகத் தாய்வீடு வந்த பேச்சி, குழந்தை பிறந்த பின்னும் அங்கேயே தங்கியிருந்தாள். கணவன் வீட்டுக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை என்பது ஊரறிந்த செய்தி.

சாவு வீட்டிலும் அப்படியே. பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் தழுவி அழும் வட்டத்துக்குள் இவரும் சென்று அமர்ந்துவிடுவார். ஒப்பாரியின் சொல் தெரியாது. ஆனால் கண்ணீர் உண்மையானது. இறந்தவர் யாரென்றே அறியாமல் எப்படி அழுகை வருகிறது என்று கேட்டேன். “பக்கத்தில் இருக்கிறவளுக்கு வருகிறதே” என்றார்.

இவையெல்லாம் எனக்கு வியப்பை அளித்தன. ஒன்று மட்டும் அச்சத்தை அளித்தது. அவர் வந்த புதிதில் குடிநீரைத் தனியே காய்ச்சிக் குடித்து வந்தாராம். அதற்கென மூடியுடன் கூடிய தகரக் கெண்டி ஒன்றும் கொண்டு வந்திருந்தார். சில நாள் பொறுத்துப் பார்த்த இசக்கியம்மாள், “எங்க வாய்க்காத் தண்ணி ஒங்களுக்கு ஆகாதோ? நாங்க குடிக்கது தண்ணியில்லயோ?” என்று கேட்டுவிட்டாள். கேட்டவள் சினத்தோடு கேட்கவில்லை, நாணத்தோடு கேட்டாள். அன்றே அம்மையார் கெண்டியை அவளிடம் கருப்பட்டி போட்டுவைக்கக் கொடுத்துவிட்டு, “நானும் இதையே குடிக்கேன்” என்று வாய்க்கால் நீரை மொண்டு குடித்தார். முதலாண்டில் வயிற்றுநோயால் பன்முறை படுத்தார். பின்னர் உடல் பழகிவிட்டது. ஊரார் அதைத் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினர். வெளியூர் உறவினர் வந்தால் அவரைக் காட்டி, “எங்க வாய்க்காத் தண்ணியக் குடிச்சுத்தான் வே இந்த அம்மா இம்புட்டுத் தெம்பா இருக்காவ” என்பார்கள். நான் தனித்திருக்கையில் எச்சரித்தேன். “என் வயிறு எனக்குப் பெரிதன்று” என்றார். அவர் வயிறு மட்டும் அதில் அடங்கியிருக்கவில்லை என்பதை நாங்கள் இருவருமே அப்போது உணரவில்லை.

நான் அங்கிருந்த கடைசி ஆண்டுக் கோடையில் வாய்க்காலின் மேல்பகுதி ஊர்களில் வாந்திபேதி கண்டது. துணியும் பாயும் அவ்வாய்க்காலிலேயே அலசப்பட்டன. நீர் எங்கள் ஊருக்கு இறங்கி வந்தது, நோயும் வந்தது. காலையில் மாடு பிடித்துப் போனவன் மாலைக்குள் பாடையேறினான். பறை ஓயவில்லை, பின்பு அடிக்க ஆளில்லாமல் ஓய்ந்தது. அரசினர் அனுப்பிய ஆள் கிணற்றில் மருந்துப்பொடி இட்டுச் சென்றார். நீர் செந்நிறமானதைக் கண்ட ஊரார், கிணறு குருதி கக்குகிறதென்று அதை முள்ளிட்டு அடைத்துவிட்டு, மிச்சமிருந்தோரும் வாய்க்காலுக்கே வந்தனர்.

அம்மையார் வீடுவீடாகச் சென்று நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு மன்றாடினார். நானும் உடன் சென்றேன். படித்துறையில் ஊர்ப்பெரியவர் எங்களை நிறுத்தினார்.

“வாத்தியாரய்யா, அம்மா சொல்லுதது எனக்குப் புரியல. தண்ணியிலயா நோக்காடு இருக்குங்காவ?”

“ஆம் ஐயா. இந்த நீரில்தான்.”

“நல்லாருக்கே கத! இந்தத் தண்ணியத்தானே இவ்வளவு காலமும் அம்மா குடிக்காவ? சீமையில பொறந்த ஒடம்பு. அதுக்கே ஒண்ணும் ஆகல. சேத்துல கெடக்க நமக்கு என்ன செய்யும்?” பின்பு அம்மையாரை நோக்கி, “நீங்களே சொல்லுங்கம்மா. குடிச்சீங்களா, இல்லியா?” என்றார்.

“குடிச்சேன்” என்றார் அம்மையார்.

“அப்பம் என்ன?” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் குடத்தை நிறைக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் அம்மையார் வயல் வரப்பில் அமர்ந்துவிட்டார். “இந்த நீர் தீங்கற்றது என்று ஒவ்வொரு நாளும் என் வாயாலேயே இவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்” என்றார். அழவில்லை. இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் ஆறுதலாக ஏதோ கூறினேன். அவர் செவியில் அது ஏறவில்லை.

அதற்கு மறுநாள் பேச்சி நோயில் விழுந்தாள். பால்குடி மறவாத குழந்தை அருகில் கிடந்து கதறியது. நோயாளிக்கு நீர் கொடுத்தால் பேதி கூடும் என்பது அங்குள்ளோர் துணிபு. அம்மையார் முற்றத்தில் அடுப்பு மூட்டி நீரைக் காய்ச்சி, உப்பிட்டு, பேச்சியின் நாவில் சிறிது சிறிதாக விட்டார். அனைவரும் காணட்டும் என்று அதே சட்டியில் தேங்காய்ச் சிரட்டையால் தாமும் மொண்டு குடித்தார். இசக்கியம்மாளிடமும் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“நீங்க குடிங்க. எனக்கு வேண்டாம்.”

“இசக்கி, கும்பிட்டுக் கேக்கேன். இதக் குடி.”

“எங்க தண்ணியக் குடிச்சிக்கிட்டுத்தான கெடந்தீக? இப்பம் சாவு வீட்டுக்குள்ள வந்ததும் ஒங்களுக்கு வேற தண்ணி வேணுமோ? நீங்க வேற, நாங்க வேறன்னு இப்பந்தான் தெரிஞ்சுதாக்கும்?”

அம்மையார் நீட்டிய சிரட்டையைத் தாழ்த்தினார். கெட்ட எண்ணத்தால் எழுந்த சொல்லாயின் தாங்கியிருப்பார். இஃது அன்பால் எழுந்தது. அச்சிரட்டையை எறிந்துவிட்டுக் குடத்து நீரைக் குடித்திருந்தால், அந்தக் கணமே இசக்கியம்மாள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். அவர் குடத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் கண்டேன். பின்னர்த் தலை குனிந்து பேச்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் உச்சிவேளையில் பேச்சி இறந்தாள்.

பெண்கள் வட்டமிட்டு அமர்ந்தபோது அம்மையார் வழக்கம்போல் வந்து முழந்தாளிட்டார். இசக்கியம்மாள் அவர் பக்கமிருந்த கையை மடக்கிக்கொண்டாள். அவ்வளவே.

அன்று மாலையே அம்மையார் தம் பாயையும் ஒரு மண்சட்டியையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பள்ளியிலேயே இருந்த என் தங்கலைப் பெரியவர் வீட்டுத் தொழுவத்தருகே மாற்றிக்கொண்டு அவருக்கு இடம் விட்டேன். படித்துறைக்குச் செல்வோர் பள்ளியைக் கடந்தே செல்ல வேண்டும். அவ்வழியில், எல்லாரும் காணும்படி, அடுப்பு மூட்டி நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கத் தொடங்கினார்.

“இறந்த வீட்டைவிட்டு இன்றே வந்தால் தவறாக எண்ணுவார்கள்” என்றேன்.

“எண்ணட்டும். அவர்களோடு சேர்ந்து குடித்தபோது அதைப் பார்த்து நம்பினார்கள். பிரிந்து குடித்தால் இதையும் பார்க்கமாட்டார்களா?”

பார்த்தார்கள். ஆனால் அவர் காட்ட விரும்பியதைப் பார்க்கவில்லை. குடத்தோடு கடந்த பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டனர். “உசுரு வெல்லம்லா! வெள்ளைத் தோலுக்கு ரெண்டு உசுரா இருக்கு?” என்றாள் ஒருத்தி. பிள்ளைகள் “தனிச்சட்டி! தனிச்சட்டி!” என்று கூவிக்கொண்டு ஓடினர். ஊரோடு கலந்து வாழ்வதற்கென்றே கடல் கடந்து வந்த ஒருவர், ஊர் முழுவதும் காணத் தனியே அமர்ந்து சட்டியில் நீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மிடறும் அவருக்குக் கசந்ததை நான் அறிவேன். சாவு குறையவில்லை. காய்ச்ச வேண்டும் என்று ஒரு வீட்டில்கூட அடுப்பு எரியவில்லை.

நோய் நீங்க அம்மனுக்கு உடனே கொடை என்னும் திருவிழா நடத்துவதென்று ஊர் கூடி முடிவு செய்தது. அச்செய்தியை நான் கொண்டுவந்தபோது, சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த அம்மையார் சட்டென எழுந்தார்.

“போன கொடைக்கு நான் விறகு சுமந்தேன். கோயில் முன்னால் பானை பானையாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்களே, மஞ்சள் போட்டு?”

ஆம். எங்கள் பகுதிக் கொடைகளில் மஞ்சள் நீராடல் என்பது ஒரு சடங்கு. பானைகளில் மஞ்சள் கலந்த நீரைப் பொங்கப் பொங்கக் கொதிக்கவைப்பர். அருள் வந்து ஆடும் கோமரத்தாடி கமுகம்பாளையை அதில் தோய்த்துத் தம் மேனி முழுதும் அடித்துக்கொள்வார். அந்நீர் தெறித்தாலே நோய் அண்டாது என்பது நம்பிக்கை.

கோமரத்தாடி ஒரு சிறு பண்ணையாளர், அறுபதைக் கடந்தவர். அந்நோயில் பேரனைப் பறிகொடுத்திருந்தார். நண்பகலில், வாய்க்கால் மருதமரத்தடியில் தனித்திருந்தவரிடம் சென்றோம். அம்மையார் தாமே பேசினார்: கொதித்த அந்த நீரைத் தீர்த்தமாக ஊரார் குடிக்கவேண்டும், வீட்டிலும் அவ்வாறே காய்ச்ச வேண்டும், அவர் சொன்னால் கேட்பார்கள்.

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே நீரைப் பார்த்தார்.

“நான் என்னத்தம்மா சொல்ல? ஆத்தா வந்து எம் வாயில பேசுதா. அவ என்ன பேசுவான்னு எனக்கே தெரியாது.”

“தெரியும் அண்ணாச்சி. ஒங்க பேரன நெனச்சுப் பாருங்க” என்றார் அம்மையார்.

மெல்லுவது நின்றது. “கொதிக்க தண்ணி எம்மேல படுது. இத்தன கொடையில ஒரு கொப்புளம் வந்ததில்ல. அது ஆத்தா தொட்ட தண்ணி. அதக் குடிச்சா ஒரு தப்பும் இல்ல” என்றார் மெல்ல. பின்பு நிமிர்ந்து, “ஆனா ஒண்ணு. இது ஒங்க பேச்சுன்னு ஒரு குஞ்சுக்குத் தெரிஞ்சாலும் போச்சு. தனிச்சட்டித் தண்ணியும் ஆத்தா தண்ணியும் ஒண்ணுதான்னு நெனச்சிட்டா ஒரு பய வாயில வைக்கமாட்டான். நீங்க பயந்துதான் ஒதுங்கிட்டீகன்னு ஊரு சொல்லுது. சொல்லட்டும். மறுத்துப் பேசாதிய. முடியுமா?”

“இசக்கியிடம் மட்டுமாவது…” என்று நான் குறுக்கிட்டேன்.

“அவகிட்டச் சொன்னா ஊருக்கே சொன்னாப்பல, வாத்தியாரய்யா. மக செத்த வயித்தெரிச்சல்ல இருக்கா.”

அம்மையார் வாய்க்காலுக்கு அப்பால் ஊர்ப்பக்கம் பார்த்தார். “முடியும் அண்ணாச்சி” என்றார்.

கொடையன்று நண்பகல், பானைகள் பொங்கி வழிய, கோமரத்தாடி ஆடினார். பாளையை வீசி எறிந்துவிட்டு ஒரு பானையின் விளிம்பைக் கையால் அறைந்தார். “ஏலே எம் மக்கா! எம் பானையில பொங்குன தண்ணி தவிர வேற தண்ணி ஒங்க வாயில படப்படாது! வீட்டுக்கு வீடு மஞ்சப் போட்டுப் பொங்கவச்சு, ஆறவச்சுக் குடிங்க! கோடை வந்தாலே இது எம் உத்தரவு! மீறுனா எங்கிட்ட வராதிய!” என்று முழங்கினார். அன்று அவர் வாயில் பேசியது எது என்பதை ஆராயக் கிறித்தவனாகிய நான் அன்றும் முனையவில்லை, இன்றும் முனையேன். ஊர் முழுவதும் மண்ணில் விழுந்து வணங்கிற்று. அம்மையார் பள்ளி வாசலில் நின்றார். கோயிலுக்கு வர அவருக்கு அழைப்பில்லை. மாலையில் ஒவ்வொரு கூரையிலிருந்தும் புகை எழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இருட்டும்வரை உள்ளே செல்லவில்லை.

நோய் தணிந்தது. எதனால் என்று அறுதியிட நான் மருத்துவன் அல்லேன். தணிந்தது என்பதை மட்டும் சான்று கூறுவேன்.

ஆற்றில் புதுவெள்ளம் வந்து கார் நடவு தொடங்கியபோது அம்மையார் வயலுக்குச் சென்றார். எவரும் தடுக்கவில்லை. ஆனால் அவருக்கு இரு பக்கத்திலும் ஓராள் நிற்கும் இடம் வெறுமையாக விடப்பட்டது. “ஏளா, தள்ளி நில்லுங்க. நம்ம காத்து அவுகளுக்கு ஆகாது” என்று ஒருத்தி சொன்னாள். அவர் நட்ட வரிசை வழக்கம்போல் கோணிற்று. அதைப் பழிக்கக்கூட ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடவு முடிவதற்குள் அவர் புறப்படத் துணிந்தார்.

பாளையங்கோட்டைக்கு வண்டி பூட்டி நானே உடன் சென்றேன். இசக்கியம்மாள் வீட்டெதிரே வண்டியை நிறுத்தச் சொன்னார். அவள் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மையார் இறங்கி நின்றார். “இசக்கி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா” என்றார்.

அவள் முறத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். செம்பில் மஞ்சள் நிற நீர் கொண்டுவந்தாள். கையில் கொடுக்கவில்லை, படிக்கல்லின்மேல் வைத்தாள்.

“காய்ச்சின தண்ணிதான். எங்க ஆத்தா சொல்லிக் காய்ச்சினது. பயப்படாம குடிங்க.”

நான் வண்டியிலிருந்து குதித்துவிட்டேன். வாய் திறக்குமுன் அம்மையார் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் நின்றுவிட்டேன். அவர் செம்பை இரு கைகளாலும் எடுத்து, ஒரு துளியும் மீதி வைக்காமல் குடித்து, கவிழ்த்துப் படியில் வைத்தார். இசக்கியம்மாள் மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஊர் எல்லை தாண்டியதும், “இப்போதாவது சொல்லியிருக்கலாமே! அவள் ஒருத்தி மட்டும் அறிந்தால் என்ன கெட்டுவிடும்?” என்று கேட்டேன், என் குரல் உயர்ந்திருந்தது.

“அடுத்த கோடையில் அவள் அடுப்பை மூட்டமாட்டாள்” என்றார் அவர்.

அவர் எங்கே, எவ்வாறு மறைந்தார் என்பதை நான் அறியேன். அவ்வாண்டிறுதியில் எனக்கும் வேற்றூருக்கு மாற்றலாயிற்று. கோமரத்தாடி மறைந்த செய்தி பின்னர்க் கிட்டியது. அவ்வூரில் இக்காலத்தும் கோடைதோறும் மஞ்சளிட்டு நீர் காய்ச்சுகின்றனர் என்று, திருமண வீட்டில் சந்தித்த அவ்வணிகரே சிரிப்புக்கிடையே சொன்னார். அடுப்பு அணையாத வழக்கமாக ஊன்றிவிட்டபடியால், கோமரத்தாடிக்குக் கொடுத்த சொல்லிலிருந்து நான் விடுபட்டேன் என்றே கருதுகிறேன்.

நெடுங்காலம் கழித்து நினைவிலிருந்து எழுதியது இது. நிகழ்ச்சிகளின் முறையிலும், பிறர் கூறிய சொற்களிலும் பிழை நேர்ந்திருக்கக்கூடும். அறிந்தோர் பொறுத்துத் திருத்தி எழுதுமாறு வேண்டுகிறேன். சிறப்பாக ஒன்று: பேச்சியின் குழந்தையைத் தந்தையின் ஊரார் வந்து எடுத்துச் சென்றனர் என்பது வரையில்தான் எனக்குத் தெரியும். அது பிழைத்ததா என்பதை அம்மையார் வண்டியில் என்னிடம் கேட்டிருந்தால், விடை சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திராது, இன்றும் இல்லை. அறிந்தவர் எவரேனும் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.